சூடானதும் ஸ்லோ நிற்கவில்லை: 97 மாடல் ஜென், கார்புரேட்டர் வண்டி

ஜென்97 (கோவை), ஞாயிறு இரவு

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவின் 1997 மாருதி ஜென், 993 சிசி, கார்புரேட்டர் மாடல். ஓடியது ஒரு லட்சத்துப் பதினான்காயிரம் கிலோமீட்டர்.

பிரச்சினை இதுதான். காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது, சோக்கில் இருக்கும்வரை அழகாக ஓடுகிறது. பத்து நிமிடம் ஓட்டிச் சூடாகி, சோக் விலகியதும் ஸ்லோ (ஆக்ஸிலேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் சுற்றும் வேகம்) நிற்பதில்லை. சிக்னலில் காலை எடுத்தால் 600, 1100, 600 ஆர்பிஎம் (நிமிடச் சுற்று) என்று ஊசலாடி ஆஃப் ஆகிவிடுகிறது. ஆக்ஸிலேட்டரில் லேசாகக் கால் வைத்திருந்தால் பிரச்சினையே இல்லை. பைபாஸில் 80-ல் போகும்போது புது வண்டி மாதிரி இருக்கிறது. நேற்று காந்திபுரத்தில் ஒரே சிக்னலில் மூன்று முறை நின்றது. பின்னால் டவுன் பஸ் அடித்த ஹாரன் இன்னும் காதில் இருக்கிறது.

இதுவரை செய்தது: பிளக், பிளக் ஒயர், ஏர் ஃபில்டர் புதிது. கார்புரேட்டரை இரண்டு முறை கழற்றிக் கழுவியாகிவிட்டது. மெக்கானிக் ஒவ்வொரு முறையும் ஸ்க்ரூவைத் திருகிச் சரி செய்து கொடுப்பார், நான்கு நாள் தாங்கும். இப்போது "புது கார்புரேட்டர்தான் போடணும்" என்கிறார். புதிது எங்கே கிடைக்கும்?

மூணு சிலிண்டர் (திருச்சி)

கார்புரேட்டரைக் குறை சொல்லாதீர்கள். எல்லாம் இந்த இ-20 பெட்ரோல் (20 சதவீதம் எத்தனால் கலந்தது) செய்கிற வேலை. என் மாருதி எண்ணூறும் இப்படித்தான் முனகுகிறது.

பத்துபன்னெண்டு (சென்னை)

அண்ணா, எடுத்ததுமே இ-20-யா? ஜென்97, பிரேக் பெடல் கெட்டியாக இருக்கிறதா, வழக்கம்போல மிருதுவாக இருக்கிறதா? கார்புரேட்டரைக் கழற்றி மாட்டியபோது அடியில் இருக்கும் பேக்கிங்கை (இணைப்பில் காற்று கசியாமல் அடைப்பது) மாற்றினார்களா, பழையதையே ஷெல்லாக் தடவிப் போட்டார்களா? எங்கேயோ ஏர் இழுக்கிற மாதிரித்தான் எனக்குத் தோன்றுகிறது.

வைகைக்கரை (மதுரை)

தம்பி, புது கார்புரேட்டர் தேடும் வேலையை நிறுத்துங்கள். நீங்கள் சொன்ன மூன்று அறிகுறியும் ஒரே பக்கம்தான் கைகாட்டுகின்றன. நாற்பது வருடம் பட்டறை வைத்திருந்தவன் என்பதால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்ஜினுக்குள் போகும் காற்று முழுவதும் கார்புரேட்டர் வாய் வழியாகத்தான் போக வேண்டும். அப்போதுதான் அதற்கேற்ற பெட்ரோலும் கூடவே போகும். கார்புரேட்டருக்குக் கீழே எங்காவது ஓட்டை இருந்தால் அந்த வழியாக வெறும் காற்று நுழைகிறது. கலவை மெலிந்துவிடுகிறது. குளிர்ந்த இன்ஜினில் சோக் கூடுதலாகப் பெட்ரோல் கொடுப்பதால் இந்தத் திருட்டுக் காற்று தெரியாது. சோக் விலகியதும் குட்டு வெளிப்படும்.

உங்கள் மெக்கானிக் ஸ்க்ரூ திருகினார் என்றால், ஓட்டையை அடைக்காமல் ஓட்டைக்கு ஏற்ற அளவு பெட்ரோலைக் கூட்டியிருக்கிறார். வெடிப்பு நாளுக்கு நாள் பெரிதாகும்போது அந்த அளவும் பற்றாமல் போகிறது. அதனால்தான் நான்கு நாள் கணக்கு. இனிமேல் யாரும் ஒரு ஸ்க்ரூவையும் தொடக் கூடாது. நானாக இருந்தால் ஸ்க்ரூடிரைவரையே பீரோவில் வைத்துப் பூட்டுவேன்.

நாளைக்கு ஒரே ஒரு சோதனை. வண்டியை நன்றாகச் சூடாக்கி, ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றுங்கள். ஸ்லோ தடுமாறும்போது உள்ளங்கையால் கார்புரேட்டர் வாயைப் பாதி மூடுங்கள். நல்ல வண்டியாக இருந்தால் திணறும். காற்று திருடுகிற வண்டி அந்த நொடியில் தேறி, வேகம் பிடிக்கும்.

ஜென்97

ஐயா, அப்படியே நடந்தது! கையை வைத்ததும் 650-லிருந்து 1000-க்கு ஏறி நிலையாக நின்றது. எடுத்தேன், ஆஃப்.

பேக்கிங் பற்றிக் கேட்ட நண்பருக்கு: இரண்டாவது முறை புதிதுதான் போட்டார்கள், நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். பிரேக் மிருதுவாகத்தான் இருக்கிறது.

பத்துபன்னெண்டு

அப்படியானால் ஓஸ் ஒவ்வொன்றாக அமுக்கிப் பாருங்கள். மேனிஃபோல்டிலிருந்து (கார்புரேட்டரிலிருந்து சிலிண்டர்களுக்குக் காற்றும் பெட்ரோலும் போகும் குழாய்த் தொகுதி) கிளம்பும் ரப்பர் ஓஸ் எத்தனை இருக்கிறதோ அத்தனையையும், நோஸ் பிளையர் முனையில் துணி சுற்றி, ஒவ்வொன்றாக மடக்கிப் பிடிக்க வேண்டும். எதைப் பிடித்ததும் ஸ்லோ சட்டென்று தேறுகிறதோ அந்த ஓஸுக்கு அந்தப் பக்கம்தான் ஓட்டை. இன்ஜின் இழுப்பைக் கொண்டு பிரேக்கை மிருதுவாக்கும் பூஸ்டருக்குப் போகும் தடித்த ஓஸிலிருந்து ஆரம்பியுங்கள். பிசிவி வால்வு (இன்ஜினுக்குள் சேரும் ஆவியைத் திருப்பி இழுக்கும் வால்வு) ஓஸைப் பிடித்தால் கொஞ்சம் ஆர்பிஎம் குறையும், பயப்பட வேண்டாம். அந்த வழியாகக் கொஞ்சம் காற்று போக வேண்டியதுதான்.

பூஸ்டருக்கு இன்னொரு சோதனையும் உண்டு. இன்ஜினை நிறுத்திவிட்டு பிரேக்கை ஐந்தாறு முறை மிதியுங்கள், பெடல் கல் மாதிரி ஆகும். அழுத்தியபடியே ஸ்டார்ட் செய்தால் பெடல் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்கிவிட்டு, மிதிக்கும்போது உஸ்ஸென்று சத்தமும் வராமல், ஸ்லோவும் மாறாமல் இருந்தால் பூஸ்டர் நல்லது.

ஜென்97

பூஸ்டர் தேறிவிட்டது. ஓஸ்களை அமுக்கியும் பயனில்லை. பிசிவி மட்டும் நீங்கள் சொன்னது போல லேசாக இறங்கியது.

கார்ப் கிளீனர் ஸ்ப்ரேயும் அடித்துப் பார்த்தேன். கார்புரேட்டர் அடியில் அடித்ததும் ஆர்பிஎம் எகிறியது. கண்டுபிடித்துவிட்டேன் என்று துள்ளினேன். இரண்டாவது முறை அடித்தபோது எகிறவில்லை. மூன்றாவது முறை மறுபடியும் எகிறியது. குழப்பமாக இருக்கிறது.

வைகைக்கரை

ஏர் ஃபில்டர் மூடி திறந்திருந்ததா? ஃபேன் காற்றில் ஸ்ப்ரே மேலே போய் கார்புரேட்டர் வாய்க்குள்ளேயே புகுந்திருக்கும். இன்ஜினுக்குத் தீனி கிடைத்ததால் எகிறியது. இதில் ஏமாறாத ஆளே கிடையாது, நானும் ஏமாந்திருக்கிறேன். மூடியைப் போட்டுவிட்டு, பஞ்சுக்குச்சி நனைகிற அளவு மட்டும் அடிக்க வேண்டும்.

இன்னொன்று. அது தீப்பிடிக்கும் சரக்கு. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு பழுக்கச் சூடாக இருக்கும், பழைய பிளக் ஒயரில் பொறி தெறிக்கும். எங்கள் தெருவிலேயே ஒரு பியட் பானட்டோடு எரிந்ததைப் பார்த்தவன் நான். வாளியில் மணல் இல்லாமல் அந்த டப்பாவைத் தொடாதீர்கள். முதலில் சோப்புத் தண்ணீரை அடித்துப் பாருங்கள். இழுக்கும் இடத்தில் நுரை உள்ளே போகும், இன்ஜின் ஒரு கணம் தடுமாறும்.

நீலகிரிப்பனி (குன்னூர்)

"80-ல் போனால் புது வண்டி மாதிரி" என்று ஜென்97 எழுதியதற்கு ஒரு தோராயக் கணக்கு. வகுப்பெடுக்கிற பழக்கம் விடவில்லை, மன்னிக்கவும்.

993 சிசி இன்ஜின் 850 ஆர்பிஎம்மில் ஸ்லோ ஓடும்போது நிமிடத்துக்குச் சுமார் 420 லிட்டர் இடத்தை நிரப்புகிறது. ஆனால் மேனிஃபோல்டுக்குள் வெளிக்காற்றின் அழுத்தத்தில் பாதிகூட இல்லை. அதனால் உண்மையில் உள்ளே போவது 150 லிட்டர் காற்று என்று வையுங்கள். இரண்டு மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று இருந்தால், அந்த வழியாக நிமிடத்துக்கு முப்பது லிட்டர் வரை நுழையும். ஐந்தில் ஒரு பங்கு!

அதே இன்ஜின் 3000 ஆர்பிஎம்மில் ஓடும்போது எண்ணூறு, தொள்ளாயிரம் லிட்டர் காற்று குடிக்கிறது. ஓட்டை அதே ஓட்டைதான். காற்று ஏற்கெனவே ஒலி வேகத்தில் நுழைந்துகொண்டிருப்பதால் உள்ளே எவ்வளவு இழுத்தாலும் முப்பது லிட்டருக்கு மேல் வராது. முப்பது லிட்டர் அங்கே யானைப் பசிக்குச் சோளப்பொரி.

மூணு சிலிண்டருக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. எத்தனாலில் ஆக்ஸிஜன் இருப்பதால் இ-20 கலவையைக் கொஞ்சம் மெலிய வைக்கும் என்பது உண்மை. வெறும் பெட்ரோல் ஒரு கிலோவுக்கு 14.7 கிலோ காற்று வேண்டும், இ-20-க்குச் சுமார் 13.5 போதும். ஆனால் அது எல்லா வேகத்திலும் ஒரே மாதிரி மெலிய வைக்கும். ஸ்லோவில் மட்டும் கழுத்தைப் பிடிக்காது.

மூணு சிலிண்டர்

சரி சரி, வாபஸ். ஆனாலும் ரப்பர் ஓஸையெல்லாம் அது தின்கிறது என்பதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பத்துபன்னெண்டு

பழைய ரப்பர் என்றால் அந்தப் பயம் நியாயம்தான் அண்ணா. ஆனால் வேக்குவம் ஓஸில் பெட்ரோல் ஓடுவதில்லையே. அதைக் கொல்வது இன்ஜின் சூடும் வயதும்தான்.

ஜென்97, மேனிஃபோல்டின் இழுப்பை அளக்கும் வேக்குவம் மீட்டர் ஒன்று இருந்தால் நல்லது. கடையில் தேட வேண்டாம், தெரிந்த ஏசி மெக்கானிக்கிடம் நீல மீட்டரை ஒரு மணி நேரம் இரவல் வாங்குங்கள். அதில் பூஜ்யத்துக்குக் கீழே 30 அங்குலம் (பாதரசக் கணக்கு) வரை வேக்குவம் போட்டிருக்கும்.

நீலகிரிப்பனி

மீட்டர் பார்ப்பவர் ஊரின் உயரத்தையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். கடல் மட்டத்தில் நல்ல இன்ஜின் ஸ்லோவில் 17 முதல் 21 அங்குலம் காட்டும். ஆயிரம் அடி ஏறினால் ஏறக்குறைய ஓர் அங்குலம் குறையும். கோவை 1,350 அடி இருக்கும், 16-லிருந்து 20 வரை எதிர்பார்க்கலாம். ஊட்டியில் அதே வண்டி 12, 13 காட்டினாலும் ஆரோக்கியம்தான். இது தெரியாமல் என் எஸ்டீமுக்கு ஹெட் பேக்கிங் வரை பிரித்துப் பார்த்தார்கள்.

ஜென்97, புதன் இரவு

மீட்டர் கிடைத்தது. சூடான ஸ்லோவில் 13 அங்குலம். ஊசி ஆடவில்லை, அப்படியே நிற்கிறது.

ஒரு கண்டுபிடிப்பும் உண்டு. கார்புரேட்டரிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு (பிளக்குகளுக்குப் பொறியைப் பிரித்துக் கொடுப்பது) போகும் மெல்லிய ஓஸ், முனையில் அரை அங்குலத்துக்கு வெடித்திருந்தது. நகத்தால் தொட்டால் பிளாஸ்டிக் மாதிரி உடைகிறது. முப்பது ரூபாய்க்குப் புது ஓஸ் வாங்கி மாட்டினேன். மீட்டர்? அதே 13.

வைகைக்கரை

மாற்றியது நல்ல வேலை, சீரான வேகத்தில் போகும்போது மைலேஜ் கூடும். ஆனால் நம் திருடன் அவன் இல்லை. பெரும்பாலான கார்புரேட்டரில் அந்த ஓஸ் த்ராட்டில் தகட்டுக்கு (ஆக்ஸிலேட்டரை மிதித்தால் திறக்கும் தகடு) மேலே இருந்து கிளம்புகிறது. ஸ்லோவில் தகடு மூடியிருக்கும்போது அங்கே இழுப்பே இருக்காது. இழுப்பு இல்லாத இடத்தில் வெடிப்பு இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

ஊசி ஆடாமல் நிற்கிறது என்றது நல்ல செய்தி. வால்வு சரியாக உட்காரவில்லை என்றால் ஊசி தாளம் போட்டு விழும். பிளக்கில் பொறி தாமதமாக விழும் லேட் டைமிங்கும் இப்படி அசையாமல் குறைவாகக் காட்டும். ஆனால் கையால் வாயை மூடியதும் தேறியதே, அதனால் காற்றுதான்.

அப்புறம், நான்கு பிளக்கையும் கழற்றி, வரிசை மாறாமல் வைத்து, ஒரு போட்டோ போடுங்கள்.

சான்ட்ரோக்காரர் (ஈரோடு)

இடையில் ஒரு கேள்வி. என் 2004 சான்ட்ரோவில் ஸ்லோ 1500-ல் நிற்கிறது, இறங்கவே மாட்டேன் என்கிறது. ஆஃப் ஆவதில்லை. இதுவும் காற்றுத் திருட்டா?

நீலகிரிப்பனி

இருக்கலாம். கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் பெட்ரோல் பீய்ச்சும் வண்டியில் அறிகுறி மாறும். மேனிஃபோல்டு அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் இருந்தால், திருட்டுக் காற்றையும் அது பார்த்துவிடும், அதற்கேற்ற பெட்ரோலையும் கம்ப்யூட்டர் கொடுத்துவிடும். காற்றும் கூடி பெட்ரோலும் கூடினால் ஸ்லோ ஏறத்தானே செய்யும். ஃபில்டருக்குப் பக்கத்தில் காற்றை அளக்கும் சென்சார் உள்ள வண்டியென்றால் கணக்கில் வராத காற்று அது, அங்கே ஜென் மாதிரியே தடுமாறும். தனி இழை தொடங்குங்கள், அங்கே பேசுவோம். த்ராட்டில் பாடியை முதலில் துடைத்துவிட்டு வாருங்கள்.

ஜென்97

போட்டோ எடுக்க வெளிச்சம் போதவில்லை, சொல்லிவிடுகிறேன். 1, 2, 4 மூன்றும் கருப்பு, தொட்டால் விரலில் கரி ஒட்டுகிறது. மூன்றாவது மட்டும் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை.

வைகைக்கரை

இனி தேட வேண்டிய இடம் ஒரு சாண் அளவுதான். கார்புரேட்டர் அடியில் ஓட்டை என்றால் அந்தக் காற்றை நான்கு சிலிண்டரும் பங்கு போட்டுக்கொண்டிருக்கும், நான்கும் வெளுத்திருக்கும். உங்களுக்கு மூன்று பிளக் கரியாக இருப்பது அந்த ஸ்க்ரூ திருகலின் கைங்கரியம். மூன்றாவது மட்டும் வெளுத்திருப்பதால், ஓட்டை மூன்றாவது சிலிண்டருக்குப் போகும் குழாயிலோ, அது ஹெட்டில் உட்காரும் பேக்கிங்கிலோ இருக்கிறது.

ஒரு கேள்வி. இந்த வண்டியில் எப்போதாவது கேஸ் கிட் மாட்டியிருந்தீர்களா?

ஜென்97

அப்பாவிடம் கேட்டேன். 2005-லிருந்து நான்கு வருடம் இருந்ததாம். டிக்கியில் சிலிண்டர் இடத்தை அடைக்கிறது என்று அம்மா சண்டை போட்டதால் கழற்றிவிட்டார்களாம். ஏன் ஐயா?

வைகைக்கரை

கார்புரேட்டர் வண்டிக்கு வந்த பல கிட்டுகளில் ரெட்யூசருக்கு (கேஸ் அழுத்தத்தைக் குறைத்து அனுப்புவது) மேனிஃபோல்டு வேக்குவம் ஒரு லைன் வேண்டும். இன்ஜின் நின்றால் இழுப்பு நிற்கும், இழுப்பு நின்றால் கேஸ் நிற்கும், அதுதான் ஏற்பாடு. அதற்காக மேனிஃபோல்டில் கைக்கு எட்டிய இடத்தில் துளை போட்டு ஒரு நிப்பிள் முடுக்குவார்கள். கிட்டைக் கழற்றும்போது அந்தத் துளையை என்ன செய்தார்கள் என்பதுதான் கேள்வி. பென்சில் துண்டு சொருகியதைக்கூடப் பார்த்திருக்கிறேன்.

ஒரு மீட்டர் பெட்ரோல் ஓஸ் எடுத்து ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை மூன்றாவது குழாயைச் சுற்றி மெதுவாக நகர்த்துங்கள். அடிப்பக்கமும் விடாமல். சட்டை, துண்டு எதுவும் ஃபேன் பெல்ட் பக்கம் தொங்கக் கூடாது.

ஜென்97, சனி மதியம்

கிடைத்துவிட்டது!

மேலே, பக்கவாட்டில் எல்லாம் இன்ஜின் சத்தம்தான். ஓஸ் முனை குழாயின் அடிவயிற்றுக்குப் போனதும் காதுக்குள் பாம்பு சீறியது போல ஒரு சத்தம். கண்ணுக்கு எட்டாத இடம். அம்மாவின் பவுடர் டப்பாக் கண்ணாடியை எடுத்து, செல்போன் லைட்டைக் காட்டி, தலைகீழாகப் பார்த்தேன். ஒரு பித்தளை நிப்பிள். அதன் மேல் இரண்டு அங்குல ரப்பர் ஓஸ் துண்டு. ஓஸின் மறுமுனையில் ஒரு போல்ட்டைச் சொருகி, கம்பி சுற்றியிருக்கிறார்கள். இன்ஜின் அழுக்கு படிந்து எல்லாம் ஒரே நிறம், ஆயில் கறை என்றே யாரும் நினைப்பார்கள். நிப்பிள் கழுத்தில் ரப்பர் நீளவாக்கில் பிளந்து வாயைத் திறந்து வைத்திருக்கிறது.

அதை விரலால் அழுத்தி மூடினேன். 13-ல் நின்ற ஊசி 18-க்குப் போனது. விரலை எடுத்தால் 13. நாலைந்து முறை செய்து பார்த்தேன், சும்மா சந்தோஷத்துக்கு.

அமுக்கிப் பார்க்கும் சோதனையில் ஏன் தப்பியது என்பதும் புரிந்துவிட்டது. எங்கேயாவது போகும் ஓஸைத்தான் நான் தேடினேன். இது எங்கும் போகவில்லை.

பத்துபன்னெண்டு

அருமை! ரப்பரை மாற்றி மறுபடி போல்ட் சொருகிவிடாதீர்கள். நிப்பிளையே கழற்றிவிட்டு, அதே மரையில் பித்தளைப் பிளக் ஒன்று லேத்தில் கடைந்து போடுங்கள். அலுமினிய மேனிஃபோல்டு, முடுக்கும்போது கை நிதானம். ஆறிய பிறகு செய்யுங்கள்.

ஜென்97, ஞாயிறு

லேத் பட்டறையில் 120 ரூபாய். மரையில் சீலன்ட் தடவி முடுக்கியாகிவிட்டது. ஸ்டார்ட் செய்ததும் பயந்துவிட்டேன், சூடான பிறகு ஸ்லோ 1700! வேறு எதையோ கெடுத்துவிட்டேனா?

வைகைக்கரை

கெடுக்கவில்லை தம்பி. ஓட்டைக்காகத் திருகி ஏற்றி வைத்த வேகம் அது. இப்போது ஓட்டை இல்லை. பீரோவைத் திறந்து ஸ்க்ரூடிரைவரை வெளியே எடுக்கலாம். ஸ்லோ ஸ்க்ரூவைக் குறைத்து 850-க்குக் கொண்டுவாருங்கள். அப்புறம் கலவையை மாற்றும் மிக்ஸர் ஸ்க்ரூவை, வேக்குவம் ஊசி அதிகபட்சம் போகும் இடத்தில் வைத்து, அதிலிருந்து மிகக் கொஞ்சம் உள்ளே. மறுபடி ஸ்லோ ஸ்க்ரூ. இரண்டு மூன்று முறை மாற்றி மாற்றிச் செய்தால் அமரும். கரி பிடித்த பிளக்குகளைப் பிரஷ் போட்டு மாட்டுங்கள், புதிது வேண்டாம்.

ஜென்97, அடுத்த ஞாயிறு இரவு

ஒரு வாரம் ஆகிவிட்டது. ஒரு சிக்னலிலும் நிற்கவில்லை. மீட்டரைத் திருப்பிக் கொடுக்கும் முன் கடைசியாகப் பார்த்தபோதும் 18. பிளக் நான்கும் காபித்தூள் நிறத்துக்கு வந்துகொண்டிருக்கின்றன.

இன்று அப்பாவை உட்கார வைத்து வால்பாறை போனோம். நாற்பது கொண்டை ஊசி வளைவும் ஏறியது. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். பத்தாவது வளைவுக்கு மேல், இரண்டாம் கியரில் அழுத்திக் கொடுக்கும்போது உள்ளே கிணிகிணியென்று தட்டுகிற சத்தம். காலைத் தளர்த்தினால் நின்றுவிடுகிறது.

வைகைக்கரை

டைமிங்கை முன்னால் தள்ளி வைத்திருக்கிறார்கள். ஸ்லோவைத் தூக்கிப் பிடிக்க அதுவும் ஒரு குறுக்கு வழி, ஸ்க்ரூவோடு அதையும் செய்திருப்பார்கள். கேட்க மறந்தது என் தப்பு. டிஸ்ட்ரிபியூட்டர் போல்ட்டைப் பாருங்கள், புதுக் கீறல் இருக்கும். டைமிங் பார்க்கும் ஸ்ட்ரோப் லைட் வைத்திருப்பவரிடம் காட்டி, வேக்குவம் ஓஸைக் கழற்றி அடைத்துவிட்டு, கம்பெனி சொன்ன அளவில் வைக்கச் சொல்லுங்கள். அதுவரை மலை ஏற வேண்டாம்.

ஜென்97

இப்போதுதான் டார்ச் அடித்துப் பார்த்தேன். கீறல் இருக்கிறது ஐயா, பளபளவென்று. நாளைக் காலையில் கடை திறந்ததும் அங்கேதான்.